தொலைந்த நாய்க்குக் கல் இல்லை

தக்கோலப் போரைப் பற்றி எழுதும் எவரும் ஆதகூர்க் கல்வெட்டைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டதையும், அவனைக் கொன்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் என்பதையும், அதற்குப் பரிசாக இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணன் பனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளைப் பூதுகனுக்கு அளித்ததையும் அக்கல்லே கூறுகிறது. சோழர் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் அது எத்தனையோ முறை இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அக்கல் இராசாதித்தனுக்காகவும் நடப்படவில்லை, பூதுகனுக்காகவும் நடப்படவில்லை. அது ஒரு நாயின் நடுகல்.

நாயின் பெயர் காளி. பூதுகனின் வீரனான மணலரதன், வேண்டுவதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது அந்த நாயைத்தான் கேட்டுப் பெற்றான். பின்னர் ஆதகூர் உள்ளிட்ட ஊர்களும் அவனுக்குக் கிடைத்தன. பெல்தூருக்கு மேற்கேயுள்ள குன்றில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மீது காளி ஏவப்பட்டது. பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. ஆதகூரில் செல்லேசுவரர் கோயிலின் முன் காளிக்குக் கல் நடப்பட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது. அந்நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் கொரவன் என்னும் சைவப் பூசாரி, கல்லை வழிபடாமல் உணவு உண்டால் நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்கிறது கல்வெட்டு. காலம் கி.பி. 949-50. இன்றைய மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில், மைசூரிலிருந்து பெங்களூரு செல்லும் பெருவழிக்கு அணித்தே உள்ளது அவ்வூர். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் பொருதும் சிற்பத்தை அதன்மீது இன்றும் காணலாம். ஒரு பேரரசின் இளவரசன் இறந்த செய்தி, நாயொன்றின் நினைவுக்கல்லில் முன்கதையாக வந்து போகிறது. தமிழ்நாட்டு வரலாற்று மாணவர் பலர் முன்கதையை மட்டும் படித்துவிட்டு நாயைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

காளிக்கு முன்பே தமிழகத்திலும் அப்படியொரு கல் எழுந்திருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட கல் அது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அது எடுக்கப்பட்டது. கோவிவன் என்று படிக்கப்படும் பெயருடைய அவனது நாய், கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதையும் கல் பதிவு செய்கிறது. வீரனின் உருவத்துக்குப் பின்னால் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

இவ்விரு கல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நடுகல் மரபின் அடிப்படை விதி ஒன்று புலப்படும். கல் எழ வேண்டுமெனில் இறப்பு உறுதிப்பட வேண்டும். நடுகல் மொழியின் வினைமுற்று ‘பட்டான்’ என்பதே. எங்கே பட்டான், எதன்பொருட்டுப் பட்டான், யார் காலத்தில் பட்டான் என்பவை தெரிந்த பின்னரே உளி கல்லைத் தொடுகிறது. போனான், திரும்பவில்லை என்னும் செய்திக்கு நடுகல்லில் இடமில்லை. குன்றில் பன்றியோடு மடிந்ததால் காளிக்கு வரலாறு கிடைத்தது. அதே காளி பன்றியைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் சென்று மறைந்திருந்தால், மணலரதன் எத்தனை நாள் தேடியிருப்பான் என்பதை அறிய இன்று ஒரு வழியும் இராது.

மனிதருக்காவது ஏற்பாடு உண்டு. ஏழு ஆண்டுகளாக எவரும் செய்தி அறியாதவர் இறந்தவராகவே கொள்ளப்படலாம் என்கிறது சாட்சியச் சட்டம். உடல் கிட்டாதவருக்குத் தருப்பையால் உரு அமைத்து ஈமக்கடன் செய்யும் வழக்கமும் உள்ளது. காணாமற்போன நாய்க்குச் சட்டமும் நாள் குறிக்கவில்லை, சடங்கும் நாள் குறிக்கவில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இறப்பென்றும் பிரிவென்றும் முடிவு கட்ட இயலாத துயரைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். அதை நாய்க்குப் பொருத்துவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் உண்ணும் தட்டைக் கழுவி எடுத்து வைப்பதா, வாசலிலேயே விட்டு வைப்பதா என்று தெரியாமல் நிற்கும் வீட்டின் நிலைக்கு வேறு பெயரும் இல்லை.

சடங்கில்லாத இந்த இழப்புக்கு ஓர் ஊர் தானாகவே சடங்கு ஒன்றைச் செய்துகொண்டது. ஆதகூரைத் தாண்டி அதே பெருவழியில் பெங்களூரை நோக்கிச் சென்றால் மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சென்னபட்டணம் வரும். அதன் அருகே அக்ரஹார வளகெரெஹள்ளி என்னும் சிற்றூரில் நாய்களுக்குக் கோயில் இருக்கிறது. ஊர்த்தெய்வமான கெம்பம்மாவுக்குக் கோயில் எழுப்பப்பட்ட காலத்தில் அங்கேயே திரிந்த இரண்டு நாய்கள் திடீரெனக் காணாமற்போயின என்றும், தேவி கனவில் தோன்றி அவற்றைத் தேடிக் கொணருமாறு பணித்தாள் என்றும், ஊரார் தேடிக் களைத்தபின் நாய்களுக்குச் சிலை வைத்து வழிபடத் தொடங்கினர் என்றும் கதை வழங்குகிறது. கோயில் எழுந்தது 2010ஆம் ஆண்டையொட்டி. அண்மைக் கோயில் என்பதால் ஆய்வாளர் இதைப் புறக்கணிப்பது வழக்கம். ஆனால் இக்கதையின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஆதகூரில் நாய் இறந்த செய்தி கல்லானது. வளகெரெஹள்ளியில் நாய் கிடைக்கவில்லை என்னும் செய்தி கல்லாகியிருக்கிறது. தேடல் தோற்ற இடத்தில் சிலை நிற்கிறது. இடையிலுள்ள ஆயிரத்தாறுபது ஆண்டுகளில் இந்நிலப்பகுதி மக்கள் எத்தனை நாய்களைத் தேடியிருப்பர்! அத்தேடல்களுள் ஒன்றுகூட எழுத்தில் தங்கவில்லை.

இதில் முரண் ஒன்றும் உண்டு. தேடுவது நாயின் தொழில். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், பணிகள் ஒளித்துவைத்த பசுக்களைத் தேடிச் செல்வது சரமை என்னும் தெய்வப் பெண்நாய். எடுத்தனூர் நாயும் மந்தையைப் பிரியாமல் நின்றது. மனிதன் தொலைத்ததை மோப்பம் பிடித்து மீட்டுத்தரும் விலங்கே தொலைந்துவிட்டால், மூக்கில்லாத மனிதனிடம் எஞ்சுவது குரல் மட்டுமே. அதனால்தான் பெயர் இன்றியமையாததாகிறது. காளி, கோவிவன் என்னும் பெயர்கள் கல்லில் ஏறியது தற்செயல் அன்று. பெயரிட்டு அழைக்கப்பட்டு, அழைப்புக்கு வந்து நின்ற நாய்தான் ஒருவனுடைய நாய்.

தேடல் எழுத்தில் தங்கத் தொடங்கியது அச்சு வந்த பின்னரே. 1660 மே மாதம் இங்கிலாந்தின் அரியணைக்குத் திரும்பினான் இரண்டாம் சார்லசு. ஓரிரு மாதங்களுக்குள் அவனுடைய நாய் தொலைந்தது. ‘மெர்க்கூரியசு பப்ளிக்கசு’ என்னும் செய்தித்தாளில் அறிவிப்பு வெளிவந்தது. கரிய நாய், வேட்டைநாய்க்கும் ஸ்பானியலுக்கும் இடைப்பட்ட சாயல், மார்பில் மட்டும் வெள்ளைக் கோடு, வால் சற்றுக் குட்டை என்று அடையாளம் சொல்லிவிட்டு, அரசன் ஒரு நாய்கூட வைத்துக்கொள்ளக் கூடாதா என்னும் பொருளில் அது திருடர்களைக் கடிந்துகொள்கிறது. அரசனே எழுதியதாகக் கருதப்படும் இவ்விளம்பரம் இரண்டாவது முறையாக வெளிவந்தது என்பது, மீண்டும் வேண்டுகிறோம் என்னும் அதன் தொடக்கத்தால் விளங்கும். முதல் விளம்பரத்தால் பயன் விளையவில்லை. நாட்டையே மீட்டுக்கொண்ட அரசனுக்கும் நாயை மீட்க ஊராரின் கண்தான் தேவைப்பட்டது. இன்று மின்கம்பங்களில் ஒட்டப்படும் தாள்களின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது: நிறம், வால், தனி அடையாளம், எங்கே தெரிவிப்பது, கொஞ்சம் ஆற்றாமை.

நாய் தேடலை நாள்தோறும் பதிவுசெய்த முதல் பெரிய ஆவணம் இலண்டன் விம்போல் தெருவிலிருந்து வந்தது. கவிஞர் எலிசபெத் பாரட்டின் ஸ்பானியல் நாய் ஃபிளஷ் 1843, 1844, 1846 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை திருடப்பட்டது. மூன்றாம் முறை 1846 செப்டம்பர் 1 அன்று. ராபர்ட் பிரௌனிங்குடன் அவருடைய மறைமுகத் திருமணத்துக்கு அப்போது பன்னிரண்டு நாட்களுங்கூட இல்லை. இருவரும் அன்றாடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததால் தேடலின் ஒவ்வொரு நாளும் அக்கடிதங்களில் பதிவாகிவிட்டது. திருடர் கூட்டத்தின் தலைவன் டெய்லர் ஆறு கினி கேட்டான். கொடுக்கத் தாமதித்தால் நாயின் தலையும் பாதங்களும் பொட்டலமாக வீடு வந்து சேரும் என்னும் அச்சம் அக்கால இலண்டன் முழுவதும் பரவியிருந்தது.

அந்த வீடு எப்படிப் பிளந்தது என்பதுதான் கடிதங்கள் தரும் அரிய செய்தி. தந்தை பணம் கொடுக்கக் கூடாதென்று மகனிடம் சொல்லி, மகளுக்குத் தெரியாமல் மறைக்கவும் பணித்தார். காதலரோ கொள்கை பேசினார்: திருடருக்குப் பணிந்து பணம் தருவது அடுத்த திருட்டுக்கு விதை போடுவது. எலிசபெத் அதற்குத் தந்த மறுமொழியின் சாரம், கொள்ளையர் என்னைக் கொண்டுபோனாலும் நீங்கள் இப்படித்தான் கொள்கை பேசிக்கொண்டிருப்பீர்களா என்பது. ஆண்டுக்கணக்கில் நோயாளியாக அறைக்குள் கிடந்த அப்பெண், பணிப்பெண் வில்சனை அழைத்துக்கொண்டு வாடகை வண்டியில் ஷோர்டிச் சேரிக்கே சென்றார். டெய்லர் அங்கில்லை. அன்று மாலை அவன் விம்போல் தெருவுக்கு வந்தான். அவரது தம்பி ஒருவர் அவனைக் கள்ளன், பொய்யன் என்று ஏசிவிட, அவனும் நாயை இனிப் பார்க்கவே மாட்டீர்கள் என்று சபதமிட்டுப் போனான். இறுதியில் மற்றொரு தம்பியான செப்டிமசு சென்று ஆறு கினி கொடுத்து நாயை மீட்டுவந்தார். மூன்று திருட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 பவுண்டு செலவாயிற்று. வர்ஜீனியா உல்ஃப் 1933இல் இதை நாவலாக்கியபோது மூன்று திருட்டுகளையும் ஒன்றாக்கிவிட்டார். நாவல் அழகானது. ஆனால் தேடும் வீட்டுக்குள் நிகழும் பூசலை அறிய விரும்புவோர் கடிதங்களையே நாட வேண்டும். பணமா, கொள்கையா, மானமா என்னும் அப்பூசல் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடப்பது.

அக்காலச் சட்டமும் இதற்கு ஒரு காரணம். உணவுக்குப் பயன்படாத இழிந்த விலங்கு என்று கருதப்பட்டதால், ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் நாயைத் திருடுவது களவுக் குற்றமாகாது. கழுத்துப்பட்டையைத் திருடினால் குற்றம். ஆகவே திருடர்கள் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாயை மட்டும் கொண்டுபோயினர். 1845இல் நாய்த்திருட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாயை மீட்டுத்தருவதாகப் பணம் பெறுவதையும் அது தண்டனைக்குரியதாக்கியது. அதற்கடுத்த ஆண்டுதான் ஃபிளஷ் மூன்றாம் முறையாகத் திருடப்பட்டது.

இந்தியாவில் இத்தெளிவு சட்டத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டை வரையறுத்து, அதற்குத் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நாயைப் பற்றியது. சட்டைப்பையில் தீனியை வைத்துப் பிறர் நாயை மயக்கி அழைத்துச் செல்பவன், நாய் பின்தொடரத் தொடங்கிய அக்கணமே திருடனாகிறான். சட்டக்கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 2023இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த நாய் இடம் மாறாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அதே 1860இல் வேறு இரண்டு நிகழ்வுகளும் உண்டு. இலண்டனில் மேரி டீல்பி என்னும் பெண்மணி தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கெனத் தற்காலிக இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் பேட்டர்சி இல்லம் எனப் புகழ்பெற்றது அது. மதராசிலோ, ப்ளூ கிராஸ் அமைப்பு கூறும் வரலாற்றின்படி, நாய்களைப் பிடித்துக் கொல்லும் மாநகராட்சித் திட்டம் அதே ஆண்டில் தொடங்கியது. ஒரே அரசின்கீழ் ஒரு நகரத்தில் தொலைந்த நாய்க்கு உரியவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கூடம், இன்னொரு நகரத்தில் கொலைக்கூடம். இலண்டனையும் மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. 1867ஆம் ஆண்டு பெருநகரத் தெருக்கள் சட்டப்படி, பிடிபட்ட நாயை மூன்று நாட்களுக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் கொன்றுவிடலாம். ‘தொலைந்த நாய்’ என்னும் நிலைக்கு முதன்முதலாகக் காலக்கெடு வந்தது இவ்வாறுதான். நான்காம் நாள் முதல் அது எவருடையதும் அன்று.

பம்பாய் இதை முன்னரே குருதியோடு அறிந்திருந்தது. வெயில்கால நாய்க்கொலைக்கு ஒரு நாய்க்கு 8 அணா வீதம் அரசு கூலி கொடுத்தது. 1832இல் அக்காலத்தை நீட்டித்தபோது, கூலிக்காகத் தனியார் வீட்டு வளாகங்களுக்குள்ளும் புகுந்து வளர்ப்பு நாய்களை அடித்துக் கொன்றனர். ஜூன் 6 அன்று, பார்சிகளின் புனித நாளொன்றில், நாய்களைப் போற்றும் அச்சமூகத்தவர் தெருவில் இறங்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன, கொலாபாவின் படைமுகாமுக்குச் செல்லும் உணவுப்பொருட்கள் தடுக்கப்பட்டன. நவீன பம்பாயின் முதல் கலவரமாகச் சிலர் இதைக் குறிப்பிடுவர். பின்னர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலியோர் தலையிட்டு, நாய்களைக் கொல்லாமல் நகருக்கு வெளியே கொண்டுபோய் விடுவதென ஏற்பாடாயிற்று. இக்கலவரத்தைச் சமய உணர்வின் கலவரமாக மட்டும் வாசிப்பது போதாது. வாசலைத் தாண்டிய நாய் யாருடையது என்பதை யார் தீர்மானிப்பது என்னும் வினா அதற்குள் இருக்கிறது.

விடுதலைக்குப் பின்னும் அவ்வினா தீரவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே தெருநாய்களை நச்சுக்கூடத்தில் கொல்வதை வதையாகக் கொள்ளவில்லை. 1964 முதல் கருத்தடையை மாற்றாக முன்வைத்து வந்தது சென்னையின் ப்ளூ கிராஸ். 2001இல் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பிடித்த நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றன அவை. நாய் எங்கே பிடிபட்டது என்று எழுதிவைக்க வேண்டிய கட்டாயமும் அதனால் உண்டாயிற்று. தெருநாய்களுக்காக எழுதப்பட்ட இவ்விதி, தொலைந்த வளர்ப்பு நாயைத் தேடும் குடும்பத்துக்கும் துணையானதைப் பலர் கவனிக்கவில்லை. வண்டியில் ஏற்றப்பட்ட நாய் சில நாட்களில் அதே தெருவுக்குத் திரும்பிவரும் என்னும் நம்பிக்கைக்கு முதன்முறையாகச் சட்டத்தின் ஆதாரம் கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லிப் பகுதித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபடும் நாய்களை அங்கேயே திரும்ப விடலாகாது என்றது. மக்களின் பாதுகாப்பு கருதிய ஆணை அது. நாய்க்கடியின் துயரை அறிந்தவர் எவரும் அதை எள்ளி நகையாட மாட்டார். ஆனால் அத்தகைய வளாகத்துக்குள் வழிதவறிப் புகுந்த வளர்ப்பு நாய்க்கு ‘அதே இடம்’ என்பது இனி இல்லை.

இந்த வரலாறு முழுவதும் இன்று ஒரு தெருவில் சந்திக்கும் இடமாக மைசூரின் ஹெப்பாளைக் கொள்ளலாம். பெங்களூரின் ஹெப்பாளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. கித்தய்யாவின் எட்டாம் நூற்றாண்டு நடுகல் கிடைத்தது அங்கே. மைசூர் ஹெப்பாள் நகரின் வடமேற்கே தொழிற்பேட்டையும், ஏரியும், குடியிருப்புகளும், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகமும் கலந்த பகுதி. கன்னடத்தில் வீதி ‘பீதி’யாகும். எனவே தெருநாய் ‘பீதி நாயி’. தமிழ்க் காதுக்கு அச்சொல் தரும் பொருள் தற்செயலானது, ஆயினும் முற்றிலும் பொருந்தாததன்று. கழுத்துப்பட்டை கழன்ற நாட்டுநாய் ஒன்று ஹெப்பாளின் தெருவில் நின்றால், அது ஒரு வீட்டுப் பிள்ளையா, பீதி நாயியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அயல்நாட்டு இன நாய் தொலைந்தால் திருட்டு என்னும் ஐயம் உடனே எழும். நாட்டுநாய் தொலைந்தால், அது தொலைந்தது என்பதையே அயலார் உணர்வதில்லை.

நாய்கள் மிரண்டோடுவதற்கு வெடியோசை பெருங்காரணம். தசராவுக்கு முன் மைசூரில் பீரங்கி வெடித்து யானைகளுக்கும் குதிரைகளுக்கும் ஓசையைப் பழக்குவார்கள். தசராவிலும் அதைத் தொடரும் தீபாவளியிலும் நடுங்கும் வீட்டு நாய்களுக்கு அப்படியொரு ஒத்திகை இல்லை. இன்னொரு காரணத்தைத் தேடுவோர் வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவர். 2024 டிசம்பர் 31 விடியலுக்கு முன் இன்ஃபோசிஸ் வளாகத்தில் சிறுத்தை தென்பட்டது. பணியாளர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யப் பணிக்கப்பட்டனர். வனத்துறை கூண்டும் கேமராவும் ட்ரோனும் கொண்டு தேடியது. மகாராட்டிரத்தின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயா குழுவினர் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில், அங்குள்ள சிறுத்தைகளின் இரையில் எடை அளவில் 39 விழுக்காடு வீட்டு நாய்கள். ஊரோரச் சிறுத்தைக்கு நாயே முதன்மை உணவு. ஆக, ஹெப்பாளில் ஏரிக்கரையைத் தாண்டிய நாய்க்காகக் காத்திருக்கும் வீடு, காளியின் குன்றிலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை. பன்றியின் இடத்தில் சிறுத்தை, அவ்வளவே. காளிக்குப் பார்த்த சாட்சிகள் இருந்தனர்.

தேடுவதற்குச் சிறந்த வழி எது? அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளிடம் கேட்டு 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தொலைந்த நாய்களில் 93 விழுக்காடு மீண்டும் கிடைத்ததாகவும், பாதியளவுக்கு அக்கம்பக்கத்தில் நடந்து தேடியதாலேயே கிடைத்ததாகவும் கூறுகிறது. 20 விழுக்காடு தாமாகவே வீடு திரும்பின. அடையாளப் பட்டையோ மைக்ரோசிப்போ உதவியது 15 விழுக்காட்டுக்கு. நம் தெருக்களுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் வரிசைமுறை பொருந்தும்: கால்நடையே முதல் கருவி. ஹெப்பாளில் அக்கால்நடை யாரிடம் சென்று நிற்க வேண்டும் என்பது உள்ளூர் அறிவு. விடியலில் ஒவ்வொரு தெருவையும் பார்க்கும் பௌரகார்மிகர் எனப்படும் தூய்மைப் பணியாளர், பால் போடுபவர், தொழிற்சாலை வாயிலில் இரவுக்காவல் இருப்பவர், தேநீர்க்கடைக்காரர் ஆகியோரே இந்நகரின் உண்மையான பதிவேடுகள். தேடும் குடும்பம் அதுவரை பேசியே இராத மனிதர்களிடம் முதன்முறையாகப் பெயர் கேட்டுப் பேசுகிறது. 2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் தோலுக்கடியில் உள்ள பதினைந்து இலக்க எண்ணை வாசிக்கும் கருவி இருக்குமிடத்துக்கு நாயை யாரேனும் கொண்டுசெல்ல வேண்டும். முதலில் அந்த யாரேனும் வேண்டும்.

சில நேரம் தேடல் தலைகீழாவதும் உண்டு. பெலகாவி மாவட்டம் நிப்பாணி வட்டத்து யமகர்ணி ஊரில் ‘மகாராஜ்’ என்னும் கறுப்பு நாய், 2024 ஜூன் இறுதியில் பண்டரிபுரத்துக்கு நடந்து சென்ற பக்தரோடு தானும் நடந்தது. விட்டலன் கோயிலருகே கூட்டத்தில் தொலைந்தது. அவர் தேடினார். வேறொரு குழுவோடு போய்விட்டதாகச் சிலர் சொல்ல, ஊர் திரும்பினார். ஜூலை நடுவில் ஒரு நாள், ஏறத்தாழ 250 கிலோமீட்டரைக் கடந்து, நாய் தானே வீட்டு வாசலில் வந்து நின்றது. ஊரார் அதற்கு மாலையிட்டு விருந்து நடத்தினர். பாண்டுரங்கனே வழிகாட்டினான் என்றனர். நாளேடுகள் எழுதியதால் அக்கதை தங்கியது.

தங்காதவைதாம் மிகுதி. 1660ஆம் ஆண்டின் அறிவிப்பு இன்றும் நூலகத்தில் இருக்கிறது. ஹெப்பாளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அறிவிப்புகளோ நாய் கிடைத்ததும் நீக்கப்படுகின்றன. கிடைக்காவிட்டால் மேலும் நூறு செய்திகளுக்குக் கீழே புதைகின்றன. கம்பத்தில் ஒட்டிய தாள் அடுத்த மழையோடு கரைகிறது. நகர்ப்புற வரலாறு பயிலும் மாணவர்கள் இவற்றைத் திரட்டத் தொடங்கலாம். எந்த நாள், எந்தத் தெரு, கன்னடமா தமிழா இந்தியா ஆங்கிலமா, எவ்வளவு சன்மானம், நாயின் பெயர், எந்த அடையாளம் முதலில் சொல்லப்படுகிறது, குழந்தையின் அழுகை குறிப்பிடப்படுகிறதா என்று கல்வெட்டாய்வாளர் படிவத்தில் குறிப்பதுபோலவே குறித்துக்கொள்ளலாம். தொடர்பு எண்களை மறைத்துவிட வேண்டும். நாய் கிடைத்ததா இல்லையா என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். பெரும்பாலான தாள்களுக்கு அப்பத்தி வெற்றாகவே இருக்கும்.